தாளைச் சுற்றியவர்கள்

போத்தனூர்
9.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள் நலமா? போனில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பீர்கள், அதனால்தான் கடிதம்.

மக்கள் எப்படி மேப் பார்த்து வழி கண்டுபிடிக்கிறார்கள் என்று மெர்சி மேடம் செய்யும் ஆராய்ச்சியில் உதவியாளராகச் சேர்ந்தேன் அல்லவா? வருகிறவர்களின் போனை வாங்கி வைத்துக்கொண்டு, மேப் போட்ட தாளைக் கொடுத்துக் காந்திபுரத்தில் விட்டுவிடுவோம். ஐந்து இடங்களுக்குப் போய்த் திரும்பவேண்டும். நான் பின்னாலேயே போய்க் குறிப்பேன். போகிற திசைக்குத் தக்கபடி தாளைச் சுற்றினால் மதிப்பெண் குறையும்.

நேற்று மாசாணியம்மாள் என்பவர் வந்தார். தோட்டவேலைக்குப் போகிறவர், என் வயதுதான். வெயிலைப் பார்த்தார், தாளைச் சுற்றினார். திருப்பத்துக்குத் திருப்பம், பதினோரு முறை. இதுவரை நடந்த எல்லாரையும்விடச் சீக்கிரம் வந்து சேர்ந்தார். என் படிவத்திலோ அவருக்குக் கடைசி இடம். ஏன் சுற்றினீர்கள் என்று கேட்டேன்.

"ரோடு மேக்கால போகுது. தாளு வேற பக்கம் காட்டுனா நா எதைங்க அம்மணி நம்பறது?"

எனக்கு நேற்றிலிருந்து தரையில் கால் பாவவில்லை. படிவமே தப்பு என்று மேடத்திடம் சொல்லப்போகிறேன்.

உங்கள்
பிரியா

மஸ்கட்
20.1.2025

அன்பு பிரியாவுக்கு,

உனக்கு விசா வந்துவிட்டது. பிப்ரவரிக்குள் வந்துவிடவேண்டும். என் சமையலைச் சாப்பிட்டு நாக்கு செத்துவிட்டது. மேடத்திடம் சண்டையெல்லாம் எதற்கு? வேலையை விட்டுவிட்டு வா.

நமக்குக் கல்யாணமான வருஷம் அவிநாசித் தேர் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மேப்பைத் தலைகீழாகப் பிடித்தவள் நீ. நான் பிடுங்கியதால் வீடு வந்து சேர்ந்தோம். உனக்கு மேப் ஆராய்ச்சியா?

தமிழ்ச்செல்வன்

போத்தனூர்
2.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

மேடம் ஒத்துக்கொண்டார். சுற்றினால் மதிப்பெண் குறைப்பது இனி இல்லை. முதலிலிருந்து அறுபது பேரை நடக்கவிடப்போகிறோம். பொறுப்பு என்னுடையது, மே வரைக்கும். சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

அவிநாசியிலிருந்து அன்று நாம் தெற்கே வந்துகொண்டிருந்தோம். நான் தெற்கு மேலே வரும்படி சரியாகத்தான் சுற்றிப் பிடித்திருந்தேன். நீங்கள் பிடுங்கிய பிறகுதான் பல்லடம் சுற்றி வந்தோம். அதற்கப்புறம் ஆறு வருஷம் நான் மேப்பைத் தொடவில்லை. உங்கள் மேல் கோபம் இல்லை, எனக்குத் தெரியாது என்று நானே நம்பிவிட்டேனே என்றுதான் வருத்தம்.

இந்த விசா வீணாகும், மன்னித்துக்கொள்ளுங்கள். ஜூனுக்கு மறுபடி எடுங்கள், கட்டாயம் வருகிறேன். உங்களைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது. ஏர்போர்ட்டுக்கு மட்டும் வரவேண்டாம். ரூம் விலாசத்தை எழுதி அனுப்புங்கள். நானே வந்து கதவைத் தட்டுகிறேன்.

உங்கள்
சண்முகப்பிரியா