நாற்பத்தொன்றாம் தகடு

மார்ச் 3, ஞாயிறு

மழை விட்டதும் பூங்காவுக்குப் போனேன். ஈர மண்ணில் மெட்டல் டிடெக்டர் நன்றாகப் பேசும். வாத்திய மேடைக்குத் தெற்கே இருபது எட்டு நடந்த இடத்தில் ஒரு வெள்ளி ஃபுளோரின் நாணயம், 1927. ராஜா முகம் தேயவே இல்லை. பிறகு பியர் மூடிகள், ஒரு ஸ்பூன், அங்கங்கே மூன்று ஈயத் தகடுகள். பிஸ்கட் அளவு, எண் மட்டும் குத்தியிருக்கிறது: 12, 41, 58. இங்கே மனநல மருத்துவமனை இருந்த காலத்துச் சலவைத் தகடுகள் என்கிறார்கள் எங்கள் சங்கத்தில். அழுக்கு மூட்டையில் கட்டுவார்களாம்.

நாயோடு வந்த ஷெர்லி சிரித்தாள். "என்ன மெர்வ், பூங்கா பூரா எலி மாதிரி நோண்டுற, ஒரு குழியையும் காணோமே?"

அதுதான் என் கெட்டிக்காரத்தனம். புல்லை மடல் மாதிரி வெட்டித் திருப்பி, மண்ணைத் துணியில் கொட்டி, திரும்ப மூடி மிதித்துவிட்டால் எனக்கே இடம் தெரியாது.

மார்ச் 10

தகடு நான்கு. வேறொன்றும் இல்லை. முதுகு வலி.

மார்ச் 22

மொத்தம் இருபத்தாறு தகடுகள். வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து, கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி, கணப்புக்கு மேலே வைத்தேன். நொரீனுக்கு இப்போது ஓரப்பார்வை மட்டும்தான். எதைப் பார்த்தாலும் நடுவில் சாம்பல் நிறம் என்கிறாள்.

"உன் குப்பைக்கெல்லாம் நான் தூசி தட்ட மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள்.

அவள் அம்மா ஐவி அந்த மருத்துவமனையில்தான் இறந்தாள், 1951இல். நொரீனுக்கு ஆறு வயது. எரித்துவிட்டார்கள், போய்ப் பார்க்க ஒன்றுமில்லை என்று அப்பன்காரன் சொன்னதோடு சரி. கல்யாணமாகி நாற்பத்தொன்பது வருடத்தில் அம்மாவைப் பற்றி மூன்று தடவை பேசியிருப்பாள். இப்போது பழைய பதிவுகளைக் கேட்டால் தருகிறார்களாம். கடிதம் போடச் சொன்னாள். போன மாதமே அவள் சொல்லச் சொல்ல எழுதிப் போட்டேன்.

ஏப்ரல் 4

பதில் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். ஐவி மே டன்ஸ்டன், வயது முப்பத்தொன்று. எரிக்கவில்லை. மருத்துவமனை நிலத்திலேயே புதைத்தார்கள். கல் கிடையாது. தலைமாட்டில் எண் குத்திய ஈயத் தகடு மட்டும். எண் 41. வரைபடம் தொலைந்துவிட்டது.

வாய் படித்துக்கொண்டே போனது. புத்தி பின்னால் வந்தது.

"நம்பர இன்னொரு தடவ படி." படித்தேன். "தகடு இன்னும் அங்கயே இருக்குமில்ல? உன் மெஷின் கண்டுபிடிச்சிடும்ல, மெர்வ்?"

எத்தனை வருடமாயிற்று அந்த முகத்தை அப்படிப் பார்த்து! பார்க்கலாம் என்றேன். கண்ணாடிப் பெட்டி அவள் தலைக்கு மேலே ஒரு முழத்தில் இருந்தது.

ஏப்ரல் 5

இந்த நோட்டையே புரட்டினேன். ஃபுளோரினுக்கு இடம் எழுதியிருக்கிறேன், எட்டுக் கணக்கோடு. தகடுகளுக்கு? "அங்கங்கே." வெள்ளி என்றால் இடம் குறிப்போம். ஈயத்துக்கு யார் குறிப்பார்கள்? ஓடைப் பக்கமா, ரோஜாத் தோட்டமா, பின்சுவரா — மூன்று இடத்திலும் எடுத்தேன். 41 எங்கே?

இருபத்தாறு பேர். இருபத்தாறு பேர் தலைமாட்டைப் பிடுங்கி வினிகர்ல ஊறப்போட்டிருக்கேன். நீயெல்லாம் ஒரு மனுஷனாடா?

ஏப்ரல் 7

காலையிலிருந்து பூங்காவில். ஒன்றிரண்டு தகடாவது மிச்சமிருந்தால் வரிசை பிடிபடும் என்று பார்த்தேன். மெஷின் வாயே திறக்கவில்லை. ஒன்றுவிடாமல் எடுத்தவன் நான்தானே. முழங்கால் போட்டுப் புல்லைத் தடவினேன். வெட்டிய தடம் ஒன்றுகூட அகப்படவில்லை.

ஏப்ரல் 9

சொல்லிவிட்டேன். தகட்டை அவள் உள்ளங்கையில் வைத்தேன். விரலால் நாலையும் ஒன்றையும் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எப்போ எடுத்த?"

"போன மாசம்."

"ஒரு மாசமா எங்கம்மா நம்பர் இங்கயா இருந்துச்சு? உன் காசுங்களோட?"

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"சரி. எடுத்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போ."

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பெரிய ஓக் மரம். கிழக்குப் பக்கம், பதினோரு எட்டு" என்று வந்தது. அங்கே பாதை சமமாக இருக்கும், தடுக்கி விழமாட்டாள் — இப்படி ஒரு சமாதானம் வேறு. கோழை. அதற்குமேல் என்ன எழுத?

ஏப்ரல் 14

கோலை ஊன்றி, எட்டுகளை அவளே எண்ணினாள். மடக்கு நாற்காலியை விரித்துக் கொடுத்தேன்.

"அம்மா, நொரீன் வந்திருக்கேன். எனக்கு எழுபத்துமூணு ஆச்சு. நீ முப்பத்தொண்ணுலயே போயிட்ட. இப்ப நான்தான் உனக்கு அம்மா மாதிரி இருக்கேன்."

நான் கழிப்பறைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

மே 6

41ஐ அவள் தரமாட்டாள். மற்ற இருபத்தைந்தையும் நகராட்சியில் ஒப்படைத்தேன். எனக்குக் கொடுத்த அனுமதி அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். பல்கலைக்கழக ஆட்கள் வந்து மண்ணுக்கடியில் படம் பிடிக்கப் போகிறார்களாம். 

மே 23

வியாழன் தவறாமல் போகிறாள். தூக்க மாத்திரையை விட்டுவிட்டாள். இன்று ஆட்டுக்கறி வேகும்போது பாடிக்கொண்டிருந்தாள். இவளிடம் எந்த வாயால் சொல்வேன்?

ஜூன் 20

தன் சாம்பலை அந்த ஓக் மரத்தடியில் புதைக்க வேண்டும் என்கிறாள். அதற்கு நகராட்சி அனுமதி வேண்டும். குளிர்காலம் தொடங்கிவிட்டது. குளிருக்குப் பயந்து அவள் காரிலேயே இருந்தாள். நான் அலுவலகத்துக்குள் போனேன்.

கவுன்டரில் இருந்த பெண் கோப்பைப் புரட்டினாள். "ஓக் மரத்துப் பக்கமா? தாராளமா தரலாங்க. சர்வே முடிஞ்சிடுச்சு. ஓடை, ரோஜாத் தோட்டம், பின்சுவர் — அங்கதான் கல்லறைங்க இருக்கு, அங்க கேட்டா முடியாது. ஓக் பக்கம் கீழ ஒருத்தரும் இல்ல. அதனாலதான் தர முடியுது."

படிவத்தில் நொரீனின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்தேன்.

"என்ன சொன்னாங்க?"

"சரின்னுட்டாங்க."

"உனக்கும் சேர்த்துக் கேட்டியா?"

கேட்கவில்லை என்றேன்.

"பின்ன? நானும் அம்மாவும் அங்க, நீ மட்டும் எங்கயோ கெடப்பியா? போ மெர்வ், போய்க் கேட்டுட்டு வா."

திரும்ப உள்ளே போய் எனக்கும் ஒரு படிவம் வாங்கினேன்.