சரவணன் குடிவைத்த லயம்

ஆகஸ்ட் 4, திங்கள்

நல்ல வெயில். போர்வை இரண்டும் துவைத்துப் போட்டேன். காய்ந்துவிட்டது.

பஸ்ஸில் திகாம் பத்து டவுனுக்குப் போனேன். வாங்கியது: திரி, கற்பூரம், உளுந்து, அவனுக்குப் பிடித்த பிஸ்கட். அடுத்த செவ்வாய் மகனின் வருஷத் திவசம். டிங்கிக் காய்ச்சலில் சரவணன் போய் ஒரு வருஷம். இதை எழுதக் கூடாது என்றிருந்தேன். எழுதிவிட்டேன்.

ஹனிபா பாய் கடையில் ஒரு தே ஓ, பால் இல்லாத தேநீர். பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அவர் கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்தது சரவணன்தான். பேக்டரி வேலை முடிந்து வந்து, சோறு ஆற ஆற உட்கார்ந்து செய்வான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். தம்பி என் ஈமெயிலையும் வெப்சைட்டுக்கு எடம் குடுக்குற கம்பெனியில குடுத்து வச்சிருந்தாரு. அதுல வந்திருக்கு. பதினஞ்சாம் தேதிக்குள்ள புதுப்பிக்கணுமாம். இல்லேன்னா எல்லாத்தையும் தொடச்சிருவானாம்."

"எல்லாம்னா?"

"என் கடைது. புக்கிட் செலம்பாவ்ல மேக்கப் போடுற பிள்ளை, சுமதி, அதோடது. உங்க முறுக்குது. மூணும் தம்பி பேருலதானே ஒரே எடத்துல இருக்கு."

என் முறுக்கு இன்னும் அங்கே இருப்பது அப்போதுதான் நினைவு வந்தது.

"அந்தக் கம்பெனியை நம்பலாமாக்கா? இல்ல வேற எடத்துக்குத் தூக்கிறலாமா? நான் யாரைக் கேக்க?"

நான் ஆறாம் வகுப்பு. பாய்க்குத் தெரியும். இருந்தும் என்னைக் கேட்கிறார். அவனைக் கேட்பதாக நினைத்துக் கேட்கிறார்.

கிளம்பும்போது இதையும் சொன்னார். "போன வருஷம் நான் இந்தியா போயிருந்தப்ப ஒருநாள் சைட்டு படுத்துக்கிச்சு. அங்கேருந்து தம்பிக்கு அடிச்சுக்கிட்டே இருந்தேன். விஷயம் தெரியாமத்தான். மன்னிச்சிருங்கக்கா."

அவர் என்னிடம் மன்னிப்பு கேட்கிறார். கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை. கூரையில் அதே பழைய ஒழுக்கல். வாளி வைத்தேன்.

பாய் அடித்த அந்த போன் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் படையலுக்குப் பக்கத்தில் அவன் சட்டை, மூக்குக்கண்ணாடி, போன். பண்டாரம் பாடும்போது போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எடுத்து அமர்த்தி, அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். யார் என்று பார்க்கவில்லை. பிறகும் பார்க்கவில்லை. டாப்-அப் போடவில்லை. அந்த நம்பரும் செத்தது.

பாய் மட்டும் இல்லை. முறுக்கு கேட்டவர்களும் இருப்பார்கள். என் முறுக்குப் பக்கத்தில் அவன் நம்பரைத்தான் போட்டிருந்தான். "நீ போன்ல ஆர்டர் எடுத்தா சண்டைதான் வரும்மா" என்பான். துக்க வீட்டில் ஒரு வருஷம் பலகாரத்துக்குச் சட்டி வைப்பதில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கத்தை மூடச் சொல்லலாம் என்றுகூடத் தோன்றவில்லை. கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமல் செய்துவிட்டேன்.

கம்பெனியைப் பற்றி அவன் சொன்னது, நினைவு உள்ளவரை:

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன், இதெல்லாம் எங்கேடா இருக்கு, உன் கம்ப்யூட்டருக்குள்ளயா என்று.

"இல்லம்மா. லயம் மாதிரி. நீ தோட்டத்துல இருந்தியே, ஒரே கூரை, வரிசையா வூடு, எல்லாருக்கும் ஒரு குழாய். வாடகை கம்மி."

"பக்கத்து வூட்டுக்காரி குழாயைத் தொறந்து விட்டுட்டா?"

"நம்மளுக்குச் சொட்டும். அதான் குறை. படிச்சவன் எல்லாம் கேக்காததை நீ கேக்குற" என்று சிரித்தான். "பங்களா வேணும்னா காசு கொட்டணும். பாயோட மெனுவுக்கு பங்களா எதுக்கு?"

கம்பெனியின் பெயர் என் வாயில் நுழையாது. அன்றிலிருந்து எங்களுக்கு அது லயம்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

காலை மேகம். உளுந்து காயவில்லை.

மகள் தேவி வந்தாள். சுங்கை பட்டாணியில் வக்கீல் ஆபீசில் கெரானி, குமாஸ்தா வேலை. அண்ணனின் லேப்டாப்பைத் திறந்தாள்.

"ஈமெயில் தொறக்குதும்மா. லயத்துக்குள்ள போகத்தான் டேக் நம்பர் கேக்குது."

"என்னா டேக்கு?"

"பேங்குல இருந்து வருமே, அந்த மாதிரி ஆறு நம்பர். அதை அண்ணன் போனுக்குத்தான் அனுப்புவான். வந்தாத்தான் காசு கட்ட முடியும், படங்களை வெளிய எடுக்க முடியும். போன் எங்க?"

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவன் சட்டை வாசம் போனிலும். சார்ஜ் ஏறியது. நம்பர் இல்லை.

தேவி போனைத் துடைத்து மேசையில் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. தேவிக்கு லீவு. வெயில். மீன் குழம்பு.

கம்பெனிக்கு எழுதினோம். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, துணி மடித்த பிறகு பதில்.

"முன்ன எல்லாம் உடனே வருமாம். அண்ணன் பேசுனது ஈமெயில்ல இருக்கு, பாரு" என்று படித்துக் காட்டினாள். அவன் மலாயில் எழுதியிருக்கிறான்: என் அம்மாவின் பக்கம் மெதுவாகத் திறக்கிறது, கொஞ்சம் பாருங்கள் பாஸ், என் கஸ்டமர்களில் அம்மாதான் ரொம்ப காராங். காராங் என்றால் முரட்டு ஆள்.

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு தேவி குளிக்கப் போய்விட்டாள். நெடுநேரம் தண்ணீர் ஓடியது.

கம்பெனி சொல்வது: டேக் இல்லாமல் திறக்க மாட்டோம். சிஜில் மாத்தி, அதாவது இறப்புச் சான்று, அதோடு என் ஐசி அடையாள அட்டை, அவன் பிறப்புச் சான்று எல்லாம் அனுப்பினால் பேர் மாற்றித் தருவோம், சில வாரம் ஆகும். பதினைந்தாம் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா? மேலே கேட்டுச் சொல்கிறோம். அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

பாய்க்குச் சொல்வதற்காக யோசித்தேன்.

நல்லது:
வாடகை கம்மி. பாய், சுமதி இரண்டு பேரும் ஒருநாளும் முணுமுணுத்தது இல்லை.
சர்வர் சிங்கப்பூரில், கிட்டத்தில். சட்டென்று திறக்கிறது.
மலாயில் பதில். மரியாதையான பேச்சு. சனி ஞாயிறும் ஆள் உண்டு.
அம்மா என்று சொன்னாலும் கதவைத் திறக்கவில்லை. எனக்குத் தொந்தரவு, ஆனால் நல்ல காவல்.

கெட்டது:
லயத்தில் குடியிருக்கிற ஆள் கூடிப்போச்சு. பதில் தாமதம்.
பேக்கப் நாமே எடுத்து வைக்க வேண்டும். சரவணன் மாதாமாதம் எடுத்தானாம். ஒரு வருஷமாக யாரும் எடுக்கவில்லை.
சேரும்போது ஒரு விலை, புதுப்பிக்க வேறு விலை.
குடியிருப்பவன் செத்தால் என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை.
கூப்பிட ஒரு போன் நம்பர் கிடையாது. எத்தனை அவசரம் என்றாலும் எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும்.

கடைசியை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். கூப்பிட்டால் எடுக்க ஆள் இல்லை என்று குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. கெட்டது எழுத எழுத, இந்த இடத்தைப் பிடித்தவனைக் குறை சொல்வதுபோலவும் இருக்கிறது. படையலுக்கு முந்தின வாரத்தில் செய்கிற வேலையா இது.

ஆகஸ்ட் 9, சனி

மாலை இடி.

சுமதி வந்தாள். "ஆன்ட்டி, கோச்சுக்காதீங்க, நான் வேற எடம் மாறிக்கிறேன். கல்யாண சீசன்ல படுத்துச்சுன்னா நான் எங்க போவேன்? ஆனா பழைய பொண்ணுங்க படம் எல்லாம் அதுலதான் இருக்கு. என் பழைய போனு தண்ணியில விழுந்துச்சு, வேற காப்பி இல்ல. அந்தப் படத்தைப் பாத்துத்தான் ஆளே வருது."

அவள் சொல்வது சரி. படத்தை எடுத்துக் கொடுக்கக்கூட டேக் வேண்டும். எல்லாம் நான் அமர்த்திய நம்பரில் வந்து நிற்கிறது.

தேவி சொன்னாள்: "அந்த நம்பரை போன்காரன் வேற யாருக்காவது வித்திருப்பான். அடிச்சுப் பாரேன்."

அவன் நம்பர். நானே அடித்தேன். மனப்பாடம். மணி போனது. ஒரு வருஷம் கழித்து அந்த நம்பரில் மணி. ஒரு பெண் எடுத்தாள். "சாப்பா நி?" யார் என்று கேட்கிறாள். சுருக்கமாக முடிக்கப் பார்த்தேன்: உங்கள் போனுக்கு ஆறு நம்பர் வரும், படித்துச் சொல்ல முடியுமா.

"ஸ்கேமர்" என்றாள். வைத்துவிட்டாள்.

தேவி தலையில் கை வைத்தாள். "எடுத்த எடுப்புல டேக் கேட்டா யாருமா குடுப்பா? நானா இருந்தா போலீஸ்ல சொல்லியிருப்பேன்."

அந்தப் பெண் செய்தது சரி. என் குரல் திருடி குரலாகக் கேட்டிருக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில். தேவி வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்தாள். மறுபடி அடித்தேன்.

அவள் மலாயில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். மாக்சிக் என்றால் அத்தை.

"மறுபடியும் நீங்களா? பிளாக் பண்ணிருவேன்."

"பண்ணுங்க. அதுக்கு முன்ன ஒண்ணு. இது என் மகன் நம்பர். நான் முறுக்கு சுடுறவ."

"முறுக்கா? நீங்கதான் அந்த முறுக்கு மாக்சிக்கா?"

"ஆமா."

"யா அல்லா. நோன்புப் பெருநாளுக்கு எத்தனை பேரு எனக்கு அடிச்சாங்க தெரியுமா? ராங் நம்பர், ராங் நம்பர்னு சொல்லி வாய் வலிச்சிருச்சு. ஒரு அம்மா என்னையே ஏசினாங்க, முறுக்கு சுடச் சோம்பேறித்தனமான்னு. பாலிங் ஊர்ல ரப்பர் வெட்டுறவ நான், எனக்கு முறுக்குப் பிழியவே தெரியாது."

மன்னிப்பு கேட்டேன். என் பேரில் ஏச்சு வாங்கியிருக்கிறாள்.

"மகன் எங்க?"

சொன்னேன், ஆறு நம்பர் எதற்கு என்பதையும். ஏதோ ஓதினாள் மெதுவாக. பிறகு, "மாக்சிக், நம்பரை அனுப்பச் சொல்லுங்க."

பெயர் ரொக்கியா. நம்பர் ஒவ்வொன்றாக நிறுத்திப் படித்தாள். தேவி தட்டினாள். உள்ளே போய்விட்டோம். மூன்று வீடும் அப்படியே இருந்தன.

முதலில் சுமதியின் படங்கள். பிறகு பாயுடையது. பேக்கப் எல்லாம் எடுத்து முடித்து தேவி சொன்னாள்: "அடுத்த தடவையும் அவங்களைத் தொந்தரவு பண்ண முடியாது. அண்ணன் நம்பரை எடுத்துட்டு என்னுது போடுறேன்மா."

போடு என்றேன். அடுப்படிக்குப் போய் நின்றேன். இரண்டாவது தடவையும் நானேதான் அதை அமர்த்துகிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

திவசம். தூறல். படையல் நன்றாக இருந்தது. போன் வைக்கவில்லை. பிஸ்கட் வைத்தேன்.

பாய் வந்து வெளியே நாற்காலியில் உட்கார்ந்தார். தே கொடுத்தேன். நல்லது கெட்டது இரண்டையும் சொன்னேன். தாமதத்தைச் சொன்னதும் கையை ஆட்டினார்.

"அக்கா, நாலு மேசை போட்டிருந்தப்ப நானே ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி கேட்டேன். இப்ப உள்ள வெளிய எல்லாம் மேசை. கத்துனாத்தான் தண்ணி வரும். வளர்ற கடை அப்படித்தான். கணக்குல கை வச்சாத்தான் நான் எந்திரிச்சுப் போவேன்."

"அப்ப இருக்கலாங்கிறீங்களா?"

"நீங்க சொல்லுங்க."

"ஒரு வருஷத்துக்கு மட்டும் கட்டுங்க பாய். மூணு வருஷம் கட்டுனா இன்னும் மலிவுங்கிறான், வேணாம். மாசாமாசம் தேவி பேக்கப் எடுப்பா. இன்னும் ஆள் கூடி ரொம்பச் சொட்டுச்சுன்னா மூட்டையக் கட்டிருவோம்."

"தம்பி பேசுற மாதிரியே இருக்கு" என்றார். பிறகு ஏன் சொன்னோம் என்று முகம் மாறிப்போனார்.

ஆகஸ்ட் 13, புதன்

நல்ல வெயில். உளுந்து காய்ந்தது. வறுத்து அரிசியோடு மில்லுக்கு. மாவு வந்தது.

தேவி கட்டிவிட்டாள். சுமதி லயத்தில் தன் வீட்டைக் காலி செய்துவிட்டாள். சிஜில் மாத்தியையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முதல் தடவையாக அந்தக் காகிதத்தை முழுதும் பார்த்தேன். லயத்தின் ஏட்டில் இனிமேல்தான் ஏறும் அவன் இல்லை என்று. பாவம், ஒரு வருஷமாக அவனுக்கே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"முறுக்குப் பக்கத்துல யாரு நம்பரும்மா?"

"மூடிறலாமே."

"பாலிங் அக்காவுக்கு இன்னும் எத்தனை பேரு அடிக்கணும்?"

"உன்னுது போடு."

"எனக்கு முறுக்கு பத்தி என்னா தெரியும்? உன்னுது போடுறேன். யாரோடயும் சண்டை போடாத."

போட்டாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையிலேயே புழுக்கம். ஒரு வருஷத்துக்குப் பிறகு எண்ணெய்ச் சட்டி. முதல் பிழியல் உடைந்தது. உப்பும் கூட. இரண்டாவது பரவாயில்லை. எள்ளு வாசம் வீடு முழுக்க. அவன் இருந்தால் சூடாக எடுத்து விரலைச் சுட்டுக்கொள்வான். நான் சுட்டுத் தின்று பார்க்கிறேன். தொண்டையில் இறங்கியது. அதுவே குற்றமாக இருக்கிறது.

முதல் டின் ரொக்கியாவுக்கு. வெள்ளிக்கிழமை தேவி காரில் பாலிங். காசு வாங்கக் கூடாது.

இரண்டாவது டின் படத்துக்கு முன்னால்.

இன்னும் பிழிய வேண்டியது அரைப் பானை. கை முழுக்க மாவு, நோட்டிலும் ஒட்டுகிறது. போன் மேசையில். தெரியாத நம்பர். அடிக்கிறது. நின்றது. மறுபடி அடிக்கிறது.

எடுக்கிறேன்.