பிரிவுக்கு ஒரு தலை

அன்புள்ள மூத்தவளுக்கு,

நானும் உன் தங்கையும் உயிரோடும் ஓரளவு புத்தியோடும் இருக்கிறோம். எனக்கு இருந்த சளி போய்விட்டது, போகிற போக்கில் என் வேலையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது, மற்றபடி இங்கே குறையில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, யாருடனாவது சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். வேலை என்ற சொல்லைப் பார்த்தவுடன் போனை எடுக்காதே. போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை, அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச வழியில்லை. கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் கத்து.

போன வாரம் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அப்பா, கடைசி வருஷந்தானே, எப்ப வேணா முடிச்சுக்கலாம். நான் வந்துடறேன். டைல்ஸ் ஷோரூம்ல ஆள் கேக்கறாங்க" என்றாய். கட்டடம் கட்டப் படிக்கிற பெண் அடுத்தவன் கட்டிய குளியலறைக்குக் கல் விற்கப் போகிறேன் என்கிறாள், அதையும் தியாகம் என்ற குரலில் சொல்கிறாள். ஆபீஸில் ஆட்குறைப்பு என்று உனக்குச் சொன்னது யார் என்று நான் விசாரிக்கவில்லை. இந்த வீட்டில் உளவுத்துறை ஒன்றுதான், அதற்குப் பதினைந்து வயது, குளியலறையில் உட்கார்ந்து போன் பேசுகிறது. சின்னவள் தன் பங்குக்குச் சிக்கனமும் ஆரம்பித்திருந்தாள். நான் உள்ளே இருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் முட்டை உரித்துக்கொண்டே, "அப்பா, நாம இப்பவே ஏழையா, இல்ல அடுத்த மாசத்துலேர்ந்தா? ஸ்கூல்ல டூருக்குப் பேரு கேக்கறாங்க" என்று கேட்டாள். அடுத்த மாதம்தான், பெயரைக் கொடு என்றேன். உன் அம்மாவும் கூப்பிட்டாள். அவள் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள், "உங்களால முடியலைன்னா சின்னவள இங்க அனுப்புங்க, ஒரு ரூம் சும்மாதான் இருக்கு" என்றாள். அவள் போன இந்த ஒன்பது வருடத்தில் அந்த 'முடியலைன்னா'வை மட்டும் இந்த வீட்டுக்குள் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் நடத்தும் வீட்டில் ஒருவர் வேலையில்லாமல் இருக்கலாம், இன்னொருவர் அதைக் குத்திக்காட்டிக்கொண்டிருக்கலாம். நம் வீட்டில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றும் நானே. நான் வேலையில்லாமல் உட்கார்ந்தால் என்னைத் திட்டவும் நான்தான் எழுந்து வரவேண்டும்.

எங்கள் பிரிவு உனக்குத் தெரியும். கம்பெனி வாஷிங் மெஷின் செய்கிறது, அது துவைக்காதபோது வாடிக்கையாளருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுவது நாங்கள் ஐந்து பேர். வருத்தத்தில் எங்களுக்கு மூன்று தரம் உண்டு. சட்டை சாயம் போனால் 'வருந்துகிறோம்', மெஷின் தானாக நகர்ந்துபோய்க் கதவை அடைத்துக்கொண்டால் 'மிகவும் வருந்துகிறோம்', தண்ணீர் கீழ்வீட்டுக்காரர் கட்டில்மேல் இறங்கினால் மட்டும் 'ஆழ்ந்த வருத்தம்'. ஆழ்ந்த வருத்தத்துக்கு மேனேஜர் கையெழுத்து வேண்டும், கண்டபடி வாரி இறைக்கக் கூடாது. இந்த வேலையை இருபது வருடத்துக்கு மேலாகச் செய்திருக்கிறேன், ஒருமுறைகூட உண்மையில் வருந்தியதில்லை. இப்போது மன்னிப்புக் கேட்பதற்கும் ஒரு மென்பொருள் வாங்கிவிட்டார்கள், ஆகவே பிரிவுக்கு ஒரு தலை போகவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. யார் தலை என்று சொல்லவில்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை இருக்கிறது, யாரைக் கூப்பிடப்போகிறார்களோ அவருக்காக ஹெச்.ஆர். பெண் முதலில் ஒரு டிஷ்யூ பெட்டியை அங்கே கொண்டுபோய் வைப்பாள், அழ வசதியாக. நாலைந்து நாளில் மொத்தத் தளமும் அந்தப் பெட்டியைக் குறிபார்க்கப் பழகிவிட்டது. பெட்டி எங்கே இருக்கிறது, யார் பக்கம் திரும்புகிறது என்று கேட்டுக்கொண்டுதான் காலையில் உள்ளே வருவார்கள். கூட்டிக் கழித்துக் கணக்குப் போடத் தெரிந்தவர்களெல்லாம் இந்த வேலையில்தான் இருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் எனக்குச் சளி. கைக்குட்டை தீர்ந்துபோய், கண்ணாடி அறையில் யாரும் இல்லையே என்று அந்தப் பெட்டியை எடுத்துவந்து என் மேசைமேல் வைத்துக்கொண்டேன். மூக்கு ஒழுகுகிறவனுக்கு அதற்குமேல் யோசனை ஓடாது. கண் வேறு சிவந்திருந்தது. காபி குடித்துவிட்டு வருவதற்குள் என் வேலை போயாச்சு என்று தளம் முழுவதும் பேச்சு. அக்கவுண்ட்ஸ் அம்மா வந்து என் தோளைத் தட்டினாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, வெறும் சளி என்றேன். அவள் பக்கத்தில் இருந்தவளிடம், "பாவம், மொதல்ல இப்படித்தான் இருக்கும், ஒத்துக்கவே மனசு வராது" என்றாள். எத்தனை சொன்னாலும் அத்தனையும் என் துக்கத்தின் கணக்கில் வரவாகிவிட்டது. பக்கத்து மேசைக்காரனை உனக்குச் சொல்லியிருக்கிறேன், எல்லாக் காகிதத்திலும் 'அவசரம்' என்று எழுதுகிறவன், அதனால் அர்ஜெண்ட் என்றுதான் பெயர். நாற்பது வயது, இரட்டைப் பிள்ளைகள், புது வீட்டுக் கடன். அவன் என் பக்கத்தில் குனிந்து மெதுவாக, "சார், மனசு தளரக் கூடாது. எல்லாம் நல்லதுக்குத்தான். நீங்க போனப்புறம் இந்த நாற்காலிய நான் எடுத்துக்கறேன், இந்த கைப்பிடி எப்படி ஏத்தி இறக்கறது?" என்று கேட்டான். சொல்லிக்கொடுத்தேன். என்னைவிடச் சின்னவரான மேனேஜர் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் சுற்றினார், பிறகு தண்ணீர் பிடிக்கும் இடத்தில் மாட்டிக்கொண்டு, "உங்களுக்காக நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன் சார், மேல கேக்கல" என்றார். நடக்காத ஒன்றைத் தடுக்க அவ்வளவு பாடுபட்டிருக்கிறார், மனம் நெகிழ்ந்துவிட்டது.

சிரித்துவிட்டேன் என்றுதான் உனக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கு மாலை பஸ்ஸில் ஒன்று உறைத்தது, யாருமே ஆச்சரியப்படவில்லை. ஐம்பத்திரண்டு வயது, பிரிவில் மூத்த ஆள், சம்பளமும் அதிகம். போகிற தலை என்றால் இந்தத் தலைதான் என்று ஒவ்வொருவரும் முன்பே முடிவுகட்டி வைத்திருந்திருக்கிறார்கள், நானும் உட்பட. இரக்கப்பட்டார்கள், ஏன் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நடந்து வந்தேன்.

மறுநாள் டார்ச் அக்கா வந்தாள். நம் கம்பெனி மெஷின்களை ஒப்பந்தத்தில் ரிப்பேர் செய்கிற ஒர்க்‌ஷாப்காரி, எந்நேரமும் கையில் டார்ச்சோடு எதற்குள்ளாவது எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள், அதனால் அந்தப் பெயர், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாகத்தான் இருப்பாள். வந்தவள் என் மேசைக்கு எதிரே நின்றுகொண்டு, "உங்கள வேலைய விட்டு எடுத்துட்டாங்களாம்ல சார், ரொம்ப சந்தோஷம்" என்றாள். அந்தத் தளத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான ஆறுதல் அது. "எங்க பசங்க மெஷின நல்லா பாப்பாங்க சார், ஆளுங்ககிட்ட வாயத் தொறந்தாங்கன்னா ஆளு கெட்டுப்போயிடறாரு. எனக்குப் பேசறதுக்கு ஒரு ஆள் வேணும். சம்பளம் இங்க விடக் கம்மிதான், சொல்லிட்டேன்" என்றாள். என்னை இன்னும் நீக்கவில்லை, இது சளி என்றேன். "இன்னைக்கு இல்லைன்னா அடுத்த மாசம். நான் அதுவரைக்கும் காத்துக்கிட்டிருக்க முடியாது, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்றாள். எத்தனை நாள் உன் கடை ஓடும் என்று கேட்டேன். "அது எனக்கே தெரியாது சார். ஆனா மூடறதா இருந்தா உங்க மூஞ்சியப் பாத்து சொல்லிட்டுத்தான் மூடுவேன்" என்றாள். பெரிய கம்பெனியில் இவ்வளவு காலம் இருந்தும் இப்படி ஒரு உத்தரவாதம் எனக்கு யாரும் தந்ததில்லை.

இனிமேல்தான் சிக்கல். நானாக வேலையை விட்டால் ஒரு பூங்கொத்து, அவர்களாக நீக்கினால் ஒரு வருடச் சம்பளம். டார்ச் அக்காவிடம் போனால் வருகிற வருமானத்தில் வீடு நடக்கும், சின்னவள் இங்கேயே இருப்பாள். ஆனால் உன் கடைசி வருடம் நடக்காது. அந்த வருடச் சம்பளம் கையில் வந்தால் நடக்கும். ஆக, அதுவரைக்கும் நீக்கிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்த நான், நீக்காமல் விட்டுவிடுவார்களோ என்று பயப்பட ஆரம்பித்தேன். நானே கண்ணாடி அறைக்குப் போய் ஹெச்.ஆர். பெண்ணிடம் என்னை நீக்குங்கள் என்று கேட்டேன். பாவம், உன்னைவிட நாலு வயது பெரியவளாக இருப்பாள், அழுகிறவர்களைச் சமாளிக்கத்தான் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். "சார், உங்களுக்கு அப்படி ஒரு பயமே வேணாம், உங்க பிரிவுல போறது நீங்க இல்ல" என்றாள். பயமில்லை, ஆசை என்றேன். "பிரிவுக்கு ஒருத்தர்தான் சார், அது ஏற்கெனவே முடிவாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே அவள் கண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பியது. அந்தப் பக்கம் அர்ஜெண்ட், என் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடியைப் பழகிக்கொண்டிருந்தான்.

நான் பெரிய மனது பண்ணினேன் என்று எங்கேயும் சொல்லிவிடாதே. அவனுடைய இரட்டைப் பிள்ளைகளை நினைத்தது உண்மைதான், ஆனால் அது நான் அறையை விட்டு வெளியே வந்த பிறகு. உள்ளே இருந்தவரைக்கும் உன் ஃபீஸ்தான் கண்ணில் நின்றது. போவது ஒரு தலை என்றால் ஒரு தலை, கழுத்து யாருடையது என்று உத்தரவில் இல்லையே என்று வாதாடினேன். அவள் மேனேஜரைக் கூப்பிட்டாள். அவர் முகம் தெளிந்தது, "நெஜமாவா சார்? அவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாளா எனக்குச் சாப்பாடே எறங்கல" என்றார். எனக்காக மேலிடத்தில் பேசிப் பார்த்தவர் இப்போது உண்மையாகவே பேசினார், நான் போவதற்காக, மேலே உடனே கேட்டுவிட்டது. பணிநீக்கக் கடிதம் எழுதத் தனக்கு வரவில்லை என்று அதையும் என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன். எந்தத் தரத்து வருத்தம் போடுவது என்று சற்று யோசித்தேன், யார் கட்டிலும் நனையவில்லை, ஆகவே முதல் தரத்தோடு நிறுத்திக்கொண்டேன். கடைசி நாள் அர்ஜெண்ட் பேச எழுந்தான், காலம் மாறும்போது நாமும் மாறவேண்டும், சார் இதை ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கண்கலங்க அறிவுரை சொன்னான். கைதட்டினேன். அவனுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நன்றி சொல்ல ஆரம்பித்தால் தினமும் போன் பண்ணுவான்.

சின்னவளிடம் அன்றைக்கே சொன்னேன். "அப்ப நான் அம்மா வீட்டுக்குப் போகணுமா?" என்று கேட்டாள். வேண்டியதில்லை என்றேன். எழுந்துபோய் வீட்டில் உள்ள எல்லா விளக்கையும் போட்டுவிட்டு வந்தாள், மின்சார பில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். நாளைக்குத் திங்கள், ஒர்க்‌ஷாப்பில் முதல் நாள். பயமாக இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. இந்த வயதில் புது இடத்தில் கழிவறை எங்கே என்று கேட்பதே ஒரு மாதிரியாக இருக்கும். டார்ச் அக்கா கடையும் நாளைக்கே படுக்கலாம், அப்போது வேறு ஒன்றைப் பார்க்கவேண்டும். ஆனால் வேலை போகும் போகும் என்று காத்திருந்த மாதங்களில் நான் பாதி ஆளாக இருந்தேன், போனபிறகு முழுதாகச் சாப்பிடுகிறேன்; இதை எந்த வைத்தியரும் எழுதிக்கொடுக்க மாட்டார்.

இனி உன் விஷயம். பணம் வெள்ளிக்கிழமை வந்தது. நேற்றுக் காலையில் முதல் வேலையாக உன் கல்லூரிக்குக் கடைசி வருட ஃபீஸ் முழுவதையும் ஒரே தவணையில் கட்டிவிட்டேன், ஹாஸ்டலுக்கும் சேர்த்து. அங்கே ஆபீஸில் போன் போட்டு, பிள்ளை பாதியில் நின்றால் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். ஒரு பைசா திரும்பாதாம். ரொம்ப நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகவே டைல்ஸ் ஷோரூமுக்கு உன் மன்னிப்பை எழுதி அனுப்பிவிடு. வாசகம் வேண்டுமானால் நான் தருகிறேன், கையில் நிறைய மிச்சம் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவுக்கு வாரம் ஒருமுறை பேசு, என்னைப் பற்றிக் கேட்டால் நன்றாக இருக்கிறார் என்று சொல், உண்மையாகத்தான் சொல்லப்போகிறாய். எல்லா நலமும் உன்னிடம் வந்து சேரட்டும், வந்தால் உட்காரச் சொல்லி வைத்துக்கொள். பரீட்சை முடிந்து லீவுக்கு வா. அதற்கு முன்னால் மூட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றால் கதவைத் திறப்பேன், சாப்பாடும் போடுவேன், சாயந்திர வண்டிக்குத் திருப்பி ஏற்றிவிடுவேன்.

நாளையிலிருந்து ஒர்க்‌ஷாப்காரனாகப் போகிற,
உன் அப்பா