நீளமான பிரார்த்தனை

மார்ச் 3, செவ்வாய்

சோப்பு இரண்டு, விளக்குமாறு ஒன்று. மாடிப்படி கழுவும் முறை இந்த வாரம் நமக்கு.

வாலு பள்ளிவிட்டு வந்ததும் ஜன்னல் திரையின் ஓரத்தைக் கத்தரித்துவிட்டாள். பொம்மைக்குப் பாவாடையாம். தப்பை வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். கோபத்தோடு பிள்ளைமேல் கை வைக்கக் கூடாது, இது நானாக வைத்துக்கொண்ட விதி. மாலைப் பிரார்த்தனை முடிந்து மனசு அடங்கிய பிறகுதான் மரக்கரண்டியால் உள்ளங்கையில் இரண்டு. என் அப்பா எதற்கு அடிக்கிறார் என்றே எனக்குத் தெரிந்ததில்லை. இவளுக்குத் தெரியும்.

இன்று பத்து நிமிஷம் கண்மூடி வேண்டினாள். ஏழு வயசுதான். அத்தை, டீச்சர், பக்கத்து வீட்டுப் பூனை, பால்காரர், அவர் சைக்கிள் சக்கரம்வரை ஒன்றையும் விடவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மார்ச் 8, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தாள். நர்ஸ் வேலை பார்க்கிறவள், ஊசி போடுகிற மாதிரியே பேசுவாள்.

"அடிக்காம வளர்க்கவே முடியாதா அண்ணி?"

"நான் கண்டபடி அடிக்கிறவ இல்ல. சாமி கும்பிட்டுட்டு, நிதானமாத்தான்."

"அதுதான் இன்னும் மோசம். பட்டுனு ஒண்ணு வச்சா அதோட போச்சு. நீங்க நாலு மணித் தப்புக்கு ஏழு மணிக்கு வாய்தா குடுக்கறீங்க. கோர்ட்டா நடத்தறீங்க?"

இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ஜட்ஜம்மாகிட்ட வாயைக் குடுக்காத. எனக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிடுவா" என்றார். ஆளாளுக்குச் சிரித்தார்கள். செல்லம் கொடுத்தால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பிறகு யார் இறக்குவது? கேட்டேன்.

மார்ச் 9

நாத்தனாருக்கு என்ன தெரியும்.

மார்ச் 12, வியாழன்

இன்று வாலு பேரில் ஒரு குற்றமும் இல்லை. பிரார்த்தனை ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

"பூனைக்கு வேண்டிக்கலையா?"

"இன்னிக்கு வேணாம்மா. இன்னிக்குத்தான் அடி இல்லையே."

குறும்பாகச் சொல்லவில்லை. பென்சிலைத் தேடிக்கொண்டே, மழை இல்லை, குடை வேண்டாம் என்கிற மாதிரி சொன்னாள்.

இந்த நாட்குறிப்பின் பழைய பக்கங்களையும் கணக்கு நோட்டின் பின்பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். நீளமாக வேண்டினாள் என்று நான் பூரித்து எழுதிய நாள் பதினொன்று. பதினொன்றிலும் அடி. சைக்கிள் சக்கரம் வந்த நாள் திரை வெட்டிய நாள்.

ஊரார் நலத்தையா கேட்டாள் அவள்? அடி தள்ளிப்போகக் கொஞ்சம் நேரம் கேட்டிருக்கிறாள். நான் பக்கத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே — எதைப் பார்த்தேன்?

மார்ச் 13

காலையில் தலை பின்னும்போது சொன்னேன், இனிமேல் பிரார்த்தனை முடிந்ததும் அடி கிடையாது என்று.

"அப்போ முன்னாடியேவா?"

பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னினேன். "முன்னாடியும் இல்ல."

மார்ச் 17, செவ்வாய்

துவைத்து மடித்த துணிமேல் மை கொட்டிவிட்டாள். கரண்டியை எடுக்கவில்லை. ஆனால் கத்தின கத்தலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சாயங்காலம் பதினைந்து நிமிஷம் வேண்டினாள். நான் சொன்னதை நம்பவில்லை. நம்புவதற்கு நான் என்ன செய்திருக்கிறேன்?

முடித்ததும் கண்ணைத் திறக்காமலேயே உள்ளங்கையை நீட்டினாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விட்டேன்.

அடிக்காமல் எப்படி வளர்ப்பது? யாரும் சொல்லித் தரவில்லை. எழுதப் படிக்கவும்தான் யாரும் சொல்லித் தரவில்லை, பொட்டலக் காகிதத்தைப் பிரித்துப் பிரித்துப் படித்தேன். இதற்கு எந்தக் காகிதம்?

மார்ச் 24

பொய் சொன்னாள். கை பரபரத்தது. போய் மாடிப்படியைக் கழுவினேன், முறை நம்முடையது இல்லாவிட்டாலும்.

ஏப்ரல் 2, வியாழன்

குளியலறைக் குழாயைத் திறந்துபோட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். கூடம்வரை தண்ணீர். துணியைக் கையில் கொடுத்து, "நீயே துடை" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே மூன்று தடவை பிழிந்தாள். நானும் கத்தத்தான் செய்தேன்.

ஏழு மணிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சாமி, எல்லாரும் நல்லா இருக்கணும். அம்மா கத்தறதைக் குறைச்சுக்கணும். அவ்ளோதான்."

நான் கண்ணை மூடி முடிப்பதற்குள் எழுந்து ஓடிவிட்டாள்.