பித்தளை, கறுப்பு இரும்பு, மங்கிய வெள்ளி

இன்று காலை கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டு முகத்தைத் துடைத்தபோது உள்ளங்கையில் பித்தளை வாசம் அடித்தது. உப்புக் காற்றில் ஊறிய தாழ்ப்பாளின் வாசம். சோப்புப் போட்டால் போய்விடும். கழுவாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ போன பிறகு இந்த வீட்டில் அவசரமாகச் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

என் விடுப்பு ஒன்றில் நாம் இருவரும் பாண்டிச்சேரி போனோமே, கடற்கரைக்குப் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு ஒன்றில் தங்கினோமே, அங்கேதான் இதெல்லாம் தொடங்கியது. வெள்ளைச் சுவர், வெளிறிய நீலத்தில் மர ஜன்னல்கள். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கதவுகளைத் தடவிக்கொண்டிருந்தாய். கதவில் பித்தளைக் குமிழ், மாடிப்படியில் கறுப்பு இரும்புக் கம்பி, பளபளப்பே இல்லாத வெள்ளி நிறத்தில் குழாய். "மூணும் மூணு நெறம். ஆனா ஒண்ணோட ஒண்ணு சண்டை போடல, பாருங்க மச்சான்" என்றாய். பெரியபட்டினத்தில் நாம் கட்டப்போகும் வீடு அன்றைக்கே உன் மனதில் எழும்பிவிட்டது.

நான் தோஹாவில் பெரிய வீடுகளுக்குக் குழாயும் கைப்பிடியும் பொருத்தும் வேலையில் இருந்தவன். அங்கே ஒரு வீட்டுக்கு ஒரு நிறம்தான். தங்க நிறம் என்றால் துண்டு மாட்டும் கொக்கி வரை தங்கம். நம் வீட்டு வேலை நடந்தபோது, "எல்லாத்தையும் ஒரே செட்டா வாங்கிரலாம்" என்று வீடியோ அழைப்பில் சொன்னேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "பித்தளை கூடுதலா இருக்கட்டும். இரும்பு கொஞ்சம். வெள்ளி அதைவிடக் கொஞ்சம். ஆனா எதுவும் ஒத்தையா நிக்கக் கூடாது. இங்கன ஒரு கறுப்பு விளக்கு மாட்டுனா, அங்கன திரை போடுற கம்பியும் கறுப்புல இருக்கணும்."

நான் பிடிவாதமாகத் தங்க முலாம் பூசிய சாமான்களை ஒரு பெட்டி நிறைய கார்கோவில் அனுப்பினேன். பெட்டி வந்து சில நாள் கழித்து நீ போனைத் திருப்பிப் பின்பக்கக் குளியலறையைக் காட்டினாய். அத்தனையும் அந்த ஒரே அறையில். "உங்க கத்தார இந்த ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன்." தோஹா அறையில் கூட இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன்.

அடுத்த விடுப்பில் வந்தபோது உன் பித்தளையெல்லாம் கறுத்திருந்தது. மேலே ஒரு கோட்டிங் அடித்திருக்கலாம் என்றேன். "கறுக்கட்டும் மச்சான். கை படுற எடம் மட்டும் பளிச்சுன்னு இருக்கும். ஆளு பொழங்குற வீடுன்னு தெரியும்ல" என்றாய். மகள் அப்போதே கல்யாணமாகி ஷார்ஜா போயிருந்தாள். அந்த வீட்டில் புழங்கிய ஆள் நீ ஒருத்திதான்.

ஒருவழியாக நான் வேலையை விட்டு வந்து சேர்ந்தேன். சேர்ந்திருந்தது கொஞ்ச காலம்தான். அதற்குள் உனக்கு உடம்புக்கு முடியாமல் போனது. கட்டிலை முன்னறைக்கு மாற்றிப் போட்டோம். ஒரு மத்தியானம் உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, எதற்காக மூன்று நிறம் வேண்டுமென்று பிடிவாதமாக நின்றாய் என்று விளையாட்டாகக் கேட்டேன். நீ விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை.

"காலையில பித்தளை மின்னும். உச்சிப் பொழுதுல குழாய் மின்னும். சாயங்காலம் அசர் பாங்கு சொல்றப்ப இந்த இரும்புல ஒரு நீலம் ஏறும். எல்லாம் ஒரே நெறமா இருந்தா, ஒத்தையா இருக்கிறவளுக்குப் பொழுது நகந்த மாதிரியே தெரியாது மச்சான்."

நான் உன் காலைத் தொடர்ந்து பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அந்த மாதம் முடிவதற்குள் நீ மௌத்தாகிவிட்டாய்.

நீ வருஷக்கணக்கில் பார்த்த வெளிச்சத்தை இப்போது நான் பார்க்கிறேன். பித்தளை, குழாய், இரும்பு. நீ சொன்ன வரிசை தப்புவதில்லை.

சமையலறை அலமாரிகளுக்குக் கைப்பிடி எது என்பதை மட்டும் நீ முடிவு செய்யவே இல்லை. துணியைச் செருகிவைத்து இழுத்துத் திறந்துகொண்டிருந்தாய். போன வாரம் நானே ராமநாதபுரம் போனேன். கடைக்காரர் "என்ன கலர் பாய்?" என்றார். மூன்று நிறத்திலும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கி, வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். "வெயில்ல வச்சா எல்லாம் நல்லாத்தான் பாய் இருக்கும்" என்றார் அவர். கடைசியில் கறுப்பு இரும்பை எடுத்தேன்.

நேற்றுப் பொருத்தி முடித்து, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று, "கைப்பிடி கொஞ்சம் எறங்கிருச்சோ?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். தோஹாவில் இருந்தபோது போனில் எதைக் கேட்டாலும் உன் குரல் கடல் தாண்டி வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திருப்புளியை எடுத்து வைத்துவிட்டு உலை வைத்தேன்.