கிராணி வீட்டு வெள்ளையரிசி

பினாங்கு,
4 பிப்ரவரி 1934

அன்பு மிக்க அண்ணனுக்கு,

தங்கை குணவதி சுகமாக இருக்கிறேன். கோபமாகவும் இருக்கிறேன். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் உங்களுக்காக வெயிலில் எத்தனை நேரம் நின்றேன் தெரியுமா? கூட நர்ஸ் படிக்கும் நூர்ஜான்தான், "உங்க அண்ணன் இனி எங்க வரப் போறாரு லா, வா போவோம்" என்று இழுத்து வந்தாள்.

இப்போது எங்களுக்கு நரம்புப் பாடம். உடம்பில் சேதியை மேலே கொண்டுபோகும் நரம்பு வேறு, உத்தரவைக் கீழே கொண்டுவரும் நரம்பு வேறாம். காலில் நெருப்புப் பட்டால் மூளைக்குத் தெரிவதற்குள் முதுகுத்தண்டே காலை இழுக்க வைத்துவிடும். காலைத் தொங்கவிட்டு முழங்கால் சிப்பிக்குக் கீழே தட்டினால் தானாக உதைக்கும். நூர்ஜானைத் தட்டினேன்; உதைத்த உதையில் என் மைக்கூடு உருண்டு போனது.

வழக்கம்போல் சயாம் வெள்ளையரிசி ரயிலில் அனுப்பியிருக்கிறேன். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியான பிறகும் கூலிகள் குடியிருக்கும் லயத்துப் புழுங்கலரிசியைச் சாப்பிட்டால் பெண் வீட்டார் சிரிப்பார்கள். வைகாசியில் கல்யாணமாகி ஜெயலெட்சுமி அண்ணி வந்துவிட்டால் என் கவலை தீரும்.

உங்கள் தங்கை,
குணவதி

தாசேக் கெலுகோர்,
17 பிப்ரவரி 1934

அன்புத் தங்கை குணவதிக்கு,

வேலை அதிகம், அதனால் வரவில்லை. அரிசி வந்தது.

உன் படிப்பை வைத்து ஒன்று கேட்கிறேன். இங்கே லயத்தில் ஒருவனுக்குப் பாதம் மரத்துக் கிடக்கிறது. அடுப்புக் கங்கை மிதித்திருக்கிறான், தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் தெரிந்ததாம். இது என்ன நோய்? யாரிடமும் சொல்லாமல் எழுது.

இன்னொன்று. கல்யாணத்தை நிறுத்திவிட்டேன். புக்கிட் மெர்தாஜாமுக்குப் பெண் வீட்டாருக்குக் கடிதம் போட்டாயிற்று. காரணம் கேட்காதே. லீவுக்கும் இங்கே வராதே.

திருநாவுக்கரசு

பினாங்கு,
22 பிப்ரவரி 1934

அன்பு மிக்க அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஊர் பேர் தெரியாதவர்களைத் தொட்டுத் துடைக்கிற பெண் நாத்தனாராக வேண்டாம் என்று அவர்கள் சொன்னார்களா? அப்படியென்றால் சொல்லுங்கள், படிப்பை விட்டுவிடுகிறேன். அம்மா அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர் நீங்கள். எனக்காக உங்கள் வாழ்க்கை கெட வேண்டாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். அண்ணே, அந்த லயத்து ஆளின் பெயர் திருநாவுக்கரசா?

அவர் யாராயிருந்தாலும் இதைச் செய்யச் சொல்லுங்கள். வெளிறிப்போய் உணர்ச்சியில்லாத தேமல் உடம்பில் எங்காவது இருக்கிறதா? மரப்பு ஒரு காலிலா, இரண்டிலும் ஒரே அளவிலா? கெண்டைக்காலை அமுக்கினால் வலிக்கிறதா? பெஞ்சில் உட்கார்ந்து கரண்டிக் காம்பால் முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்க்கட்டும். பொய் மட்டும் சொல்ல வேண்டாம்.

குணவதி

தாசேக் கெலுகோர்,
1 மார்ச் 1934

அன்புத் தங்கைக்கு,

நான்தான். உன்னைக் குறித்து அவர்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. படிப்பை விடுவேன் என்று இனி எழுதாதே.

பெருவியாதி, குஷ்டம் என்றே முடிவு செய்துவிட்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் காட்டினால் அந்த நோயாளிகளை அடைத்துவைக்கும் ஜெரெஜாக் தீவுக்குப் படகில் ஏற்றிவிடுவார்கள் என்று ஷூவைக் கழற்றாமலே திரிகிறேன். ஒரு பெண்ணை அதில் கட்டிவைக்க மனம் வரவில்லை. நீ இங்கே வந்து போனால் உன்னையும் ஆஸ்பத்திரியிலிருந்து விலக்குவார்களோ என்று பயம். தைப்பூசத்தன்று ரயிலடி வரை வந்தேன், அதற்கு மேல் கால் வரவில்லை.

நீ சொன்னபடி பார்த்தேன். தேமல் எங்கும் இல்லை. இரண்டு பாதமும் கணுக்கால் வரை ஒரே மாதிரி மரத்திருக்கின்றன. கெண்டைக்காலைத் தொட்டால் உயிர் போகிறது. கரண்டியால் எத்தனை தட்டியும் இரண்டு காலும் அசையவில்லை. லயத்துச் சனமெல்லாம் ஓடியாடுகிறது, எனக்கு மட்டும் ஏன் இப்படி? கறி, காய் எதுவும் பிடிக்கவில்லை. நீ அனுப்புகிற அரிசியில்தான், கொஞ்சம் ஊறுகாயோடு, உயிர் ஓடுகிறது.

திருநாவுக்கரசு

பினாங்கு,
5 மார்ச் 1934

அண்ணே,

பெருவியாதி இப்படி இரண்டு காலிலும் சமமாக ஏறுவது அபூர்வமாம். கெண்டைக்கால் வலிப்பதையும் தட்டினால் கால் உதைக்காததையும் வைத்து, இது பெரிபெரியாக இருக்கும் என்று வார்டு டாக்டர் சொல்கிறார். நரம்பு பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான். இந்த வார்டிலேயே இப்படி ஆறு பேர் இருக்கிறார்கள்.

எதனால் என்றும் சொன்னார். மில்லில் தீட்டிய வெள்ளையரிசியில் நரம்புக்கு வேண்டிய சத்து தவிட்டோடு போய்விடுகிறது. புழுங்கலரிசியில் அது நிற்கிறது. லயத்துச் சனம் ஓடியாடுவது அதனால்தான். கூலிச் சோறு என்று நான்தான் அதை உங்கள் வீட்டிலிருந்து விரட்டினேன். மாதாமாதம் மூட்டை கட்டி உங்களுக்கு நோயை அனுப்பியவள் நான்தான், அண்ணே.

அந்த அரிசியை இன்றே கொட்டுங்கள். டிரஸ்ஸரிடம் காலைக் காட்டுங்கள். பச்சைப்பயறும் தவிடும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வருகிறேன். வராதே என்று சொன்னாலும் வருவேன்.

குணவதி

தாசேக் கெலுகோர்,
9 செப்டம்பர் 1934

அன்புத் தங்கை குணவதிக்கு,

நீ வந்துபோகும்போதெல்லாம் என் காலைப் பார்த்து அழுகிறாய். வாயால் சொன்னால் கேட்க மாட்டாய், அதனால் எழுதுகிறேன். உன் அரிசியை நானும் பெருமையோடுதான் தின்றேன். துரை பங்களாவிலும் இதே அரிசிதான் என்று கூட வேலை செய்யும் ஜெயராஜிடம் பீற்றிக்கொண்டேன். குற்றத்தில் பாதி என்னுடையது, அதை எனக்குக் கொடுத்துவிடு.

புக்கிட் மெர்தாஜாம் போய் ஜெயலெட்சுமியின் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளேயிருந்து அவளே கேட்டாள்: "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" தப்புதான் என்று ஒப்புக்கொண்டேன். ஐப்பசியில் நாள் குறித்திருக்கிறார்கள்.

தினமும் காலையில் கரண்டியால் தட்டிப் பார்ப்பேன் அல்லவா? நேற்று வலது கால் உதைத்தது. மறுபடி தட்டினேன், மறுபடியும் உதைத்தது. டிரஸ்ஸரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நரம்பு மெதுவாகத்தான் தேறும், இடது காலும் வரும் என்றார்.

கல்யாணப் பந்தியில் லயத்துப் புழுங்கலரிசிச் சோறுதான். உன் பக்கத்து இலையில் யாராவது முகம் சுளித்தால் என்னிடம் சொல். உதைக்க வலது கால் இருக்கிறது.

உன் அண்ணன்,
திருநாவுக்கரசு