ஏழாம் பக்கத்துக் கேள்வி

ஜூன் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் கைக் கொப்புளம் ஆறிற்றா? சலவைக்கூடத்தில் கையுறை தருகிறோம் என்றார்களே, தந்தார்களா? நீ கேட்டிருக்க மாட்டாய்.

குடிநீர் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் என்னை எடுத்துக்கொண்டார்கள். சந்தோஷப்படுவதற்குள் பத்துப் பக்கப் படிவம் வந்துவிட்டது. ஏழாம் பக்கத்தில், ‘உங்கள் மீது எப்போதாவது குற்ற வழக்கு பதிவாகியுள்ளதா? ஆம் / இல்லை.’ மூன்று நாளாக அந்தக் கட்டத்தைத் தவிர எல்லாம் நிரப்பிவிட்டேன்.

அந்தக் கடை வழக்கு அபராதம் கட்டியதோடு முடிந்தது என்றார்களே. முடிந்தது என்றால் இல்லை என்று அர்த்தமா? ‘ஆம்’ என்றால் வேலை போய்விடுமா? ‘இல்லை’ என்று போட்டு, அவர்கள் தேடிப் பார்த்தால்? “ஆம் போட்டா விளக்கம் எழுத நாலு வரி இடம் இருக்கும்மா” என்றார் குமாஸ்தா. “உன் கதை நாலு வரியில அடங்குமாடி?” என்று சிரிக்கிறாள் அறைத்தோழி.

உனக்கே நான் முழுதாகச் சொன்னதில்லை. மடக்கிய குடையைக் கடைத் தட்டில் மாட்டிவிட்டுச் சோப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் கொக்கியிலிருந்து ஒரு நகவெட்டி குடைக்குள் விழுந்திருக்கிறது. வெளியே வரும்போது வாசலில் திருட்டைக் காட்டும் மணி அடித்தது. “எடுத்தியா?” என்றார்கள். “மன்னிச்சிடுங்க” என்றேன். நம் வீட்டில் அதுதானே வழக்கம். வாடகை கேட்கும் வீட்டுக்காரரோ பேருந்து நடத்துனரோ, முதலில் மன்னிப்பு, அப்புறம்தான் என்ன விஷயம் என்று கேட்போம். நீயும் காவல் நிலையத்துக்கு ஓடிவந்து, “ஒத்துக்கிட்டுக் கும்பிட்டுடு கண்ணு, விட்டுடுவாங்க” என்றாய். பட்டப்படிப்புக் கடைசி வருஷத்தில் இருந்தவள், அவர்கள் நீட்டிய தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

கடை மேலாளரிடம் போனில் பேசினேன். தவறி விழுந்திருக்கலாம் என்று கடிதம் தருகிறாராம். போய் அந்தக் கவரை வாங்கி அனுப்பு. எதுவும் பேச வேண்டாம். பதினாறாம் தேதி கடைசி நாள்.

உன் மகள்

ஜூன் 7

என் கண்ணுக்கு,

கையுறை வரவில்லை. கை பரவாயில்லை.

‘இல்லை’ என்று போட்டுவிடேன். ஒரு நகவெட்டியை யார் ஞாபகம் வைத்திருக்கப்போகிறார்கள்? இல்லை, வேண்டாம், ‘ஆம்’ என்றே போடு. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. குடை விஷயத்தை நன்றாக எழுதியிருக்கிறாய். வியாழக்கிழமை கடைக்குப் போகிறேன்.

அம்மா

ஜூன் 11

கண்ணு,

போய் வந்தேன். மேலாளர் உட்காரச் சொன்னார். கவர் மேசைமேல் தயாராக இருந்தது. இவ்வளவு செய்கிற மனிதரிடம் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வருவது மரியாதையாகப் படவில்லை. எழுந்து நின்று, “சின்னப் பொண்ணு சார், புத்தியில்லாம எடுத்துட்டா. பெரிய மனசு பண்ணி மன்னிச்சிடுங்க” என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “அப்ப எடுத்தது நிஜந்தானா?” என்றார். மறுபடி கும்பிட்டேன். “தெரிஞ்சுகிட்டே நான் எப்படிம்மா எழுதித் தர்றது?” என்று கவரை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். நல்ல மனிதர்தான், தண்ணீர் கொடுத்தார். நான் என்ன தப்பாகப் பேசினேன் என்று பேருந்தில் வழியெல்லாம் யோசித்தேன்.

அம்மா

ஜூன் 15

அம்மா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அறைத்தோழி பயந்துபோனாள்.

‘ஆம்’ என்று போட்டுக் கொடுத்துவிட்டேன். நாலு வரியில் மூன்று வரி மன்னிப்பாகவே வந்தது. வேறு தாள் வாங்கி, நடந்ததை மட்டும் எழுதினேன். “கடிதம் ஏதும் இணைக்கலையா?” என்று குமாஸ்தா கேட்டார். இல்லை என்றேன். மேலே அனுப்புவார்களாம். ஆறு வாரமாகுமாம். வரும், வராது, எதுவும் சொல்ல முடியாதாம்.

உன்மேல் கோபமா என்றும் எனக்குத் தெரியவில்லை. “எடுத்துட்டா” என்றாயே, அது மரியாதைக்குச் சொன்னதா? இல்லை, இந்த இரண்டு வருஷமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாயா?

மகள்

ஜூன் 21

கண்ணு,

மரியாதைக்குத்தான் சொன்னேன் என்று எழுத உட்கார்ந்தேன். மூன்று நாளாக வரவில்லை.

அன்று காவல் நிலையத்தில் உன்னை எப்படியாவது வெளியே கூட்டிவர வேண்டும், அவ்வளவுதான் என் மண்டையில் இருந்தது. அப்புறம் கேட்கப் பயமாக இருந்தது. எடுத்தேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? எடுக்கவில்லை என்றால், உன்னை ஒத்துக்கொள்ளச் சொன்னவள் நானாகிவிடுவேனே. இரண்டில் எதற்கு அதிகம் பயந்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

குடைக்குள் விழுந்தது என்று நீ எழுதியதை, அந்தப் படிவத்துக்காக யோசித்து வைத்த பதில் என்றுதான் நினைத்தேன். படித்த பெண், எவ்வளவு நன்றாக யோசித்திருக்கிறாள் என்று பெருமைகூடப் பட்டேன். இதை எழுதக் கை கூசுகிறது.

கடைக்காரர் கேட்டார், போலீஸ் கேட்டது, இப்போது வாரியமும் கேட்கிறது. பெற்றவள் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அவர்களுக்கு எழுதியதை விடு, எனக்கு எழுது. நடந்தது அதுதானா, கண்ணு?

அம்மா